தேக்கு வளையமும் தாது வருஷப் பஞ்சமும்: வெப்பமண்டல மரச்சான்றின் வரலாறும் வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

எல் நினோ முதலான இயற்கைக் காலநிலைச் சுழற்சிகளுக்கு வெப்பமண்டல மரங்கள் காட்டும் எதிர்வினை, அண்மைக் காலமாகப் பஞ்ச வரலாற்றிற்கும் சான்றாக எடுத்தாளப்படுகிறது. ஜாவா, கேரளம் ஆகிய பகுதிகளின் தேக்கு மரங்களில் ஆண்டு வளைய ஆய்வு உருவான வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குப் புறத்தில் வளர்ந்த தேக்கின் சாட்சியத்தைக் கொண்டு மட்டும் 1876–78 பஞ்சத்தில் தமிழ் மாவட்டங்கள் பட்ட துயரை விளக்க இயலாது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: தேக்கு, ஆண்டு வளையம், எல் நினோ, தென் அலைவு, தாது வருஷப் பஞ்சம், வடகிழக்குப் பருவமழை, வன வரலாறு

1. சுழற்சி என்னும் வாதம்

சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தின் பிடியில் இருந்த 1877ஆம் ஆண்டில், இந்திய அரசின் புள்ளியியல் தலைமை இயக்குநராக இருந்த டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் ‘தென்னிந்தியாவில் வறட்சி, பஞ்சம் ஆகியவற்றின் சுழற்சி’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். 1813 முதல் சென்னையில் பதிவாகிவந்த மழையளவுகளைச் சூரியப் புள்ளிகளின் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியோடு அவர் ஒப்பிட்டார். புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் மழையும் குறைகிறது. மழை குறைந்தால் பஞ்சம் வருகிறது. ஆகவே பஞ்சம் முன்னறியத்தக்க ஓர் இயற்கை நிகழ்வு என்பது அவர் கூற்றின் சாரம். வானியலாளர் நார்மன் லாக்கியரும் அவருடன் இணைந்து இதே கருத்தை இலண்டன் இதழொன்றில் எழுதினார்.

இவ்வாதத்திற்கு உடனடி மறுப்பு அரசு வட்டத்திற்குள்ளிருந்தே எழுந்தது. ரிச்சர்டு ஸ்டிராச்சி அதே 1877இல், சென்னையின் மழைக்கும் சூரியப் புள்ளிகளுக்கும் இடையே கூறப்பட்ட பொருத்தம் கணக்கியல் அடிப்படையில் நிலைபெறாது எனக் காட்டினார். அவரே பின்னர் 1878இல் அமைந்த பஞ்ச விசாரணைக் குழுவிற்குத் தலைமை ஏற்றார் என்பது குறிக்கத்தக்கது. மறுக்கப்பட்ட பின்னரும் சுழற்சி வாதத்தின் கவர்ச்சி குன்றவில்லை. அதற்கு அறிவியல் சார்ந்த காரணம் மட்டும் இருந்ததெனக் கருத முடியாது. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் நிவாரணப் பணியாளரின் கூலியை நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறு காசும் என்ற அளவிற்குக் குறைத்திருந்தார். அவ்வளவு உணவைக் கொண்டு உழைக்கும் உடல் நிலைக்காது என மாகாணத்தின் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் வாதாடிக்கொண்டிருந்தார். தானிய ஏற்றுமதியோ தடையின்றித் தொடர்ந்தது. இத்தகைய சூழலில் ‘வானத்தின் சுழற்சி’ என்னும் விளக்கம் நிருவாகத்திற்கு எவ்வளவு வசதியானது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19.7 இலட்சம்; 1881இல் ஏறத்தாழ 16 இலட்சம். பத்தாண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைவானோர் கணக்கிலிருந்து மறைந்தனர். வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’ இப்பஞ்சத்தை அங்கதமாகப் பாடியதும், நாட்டார் வழக்கில் தாது வருஷம் என்ற பெயரே பஞ்சத்திற்கு மறுபெயராக நிலைத்ததும் தமிழ் ஆய்வாளர் அறிந்தவையே. ஹண்டர் சூரியனிடம் கேட்ட கேள்வியை அடுத்த நூற்றாண்டு மரங்களிடம் கேட்டது. விடை முன்னதைவிட உறுதியானதாக இருந்தது. அதனாலேயே அதைக் கையாளும்போது கூடுதல் எச்சரிக்கை தேவைப்படுகிறது.

2. வளையத்தை எண்ணியவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மரத்தையும் மழையையும் இணைத்த கேள்வி நேர் எதிர்த் திசையில் அமைந்திருந்தது. காடு மழையைத் தருகிறதா, காட்டை அழித்தால் மழை குன்றுமா என்பதே அன்றைய விவாதம். வெப்பமண்டலக் காடுகளின் அழிவால் விளையும் கேடுகள் குறித்துப் பிரித்தானிய அறிவியல் சங்கம் 1851இல் பெற்ற அறிக்கை இவ்விவாதத்தின் முதன்மை ஆவணம். அதைத் தயாரித்த குழுவில், பின்னாளில் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக 1856இல் பொறுப்பேற்ற ஹியூ கிளெக்கார்னும், மேலே குறிப்பிட்ட ஸ்டிராச்சியும் இடம்பெற்றிருந்தனர். மழை மரத்தில் என்ன எழுதிச் செல்கிறது என்ற கேள்வி அப்போது எழவில்லை.

ஆயினும் வளையங்கள் எண்ணப்பட்டன. காலநிலையை அறிவதற்காக அன்று, வருவாய்க்காக. கப்பல் கட்டுவதற்குத் தேக்கு வேண்டியிருந்தது. மலபார்த் தேக்கைப் பம்பாய்க் கப்பல் தளத்திற்கு அனுப்புவதற்காக 1806இல் கேப்டன் வாட்சன் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். கிழக்கிந்தியக் கம்பெனி தேக்கின் மீது தனியுரிமையை நிறுவியது. மக்களின் எதிர்ப்புக்குப் பின் தாமஸ் மன்றோவின் ஆட்சிக்காலத்தில் அது கைவிடப்பட்டது. இயற்கைத் தேக்கு அருகியபோது, 1840களில் மலபார் ஆட்சியர் எச். வி. கொனோலியின் முயற்சியாலும் சாத்து மேனோனின் உழைப்பாலும் நிலம்பூரில் தேக்குத் தோட்டங்கள் எழுந்தன. 1856இல் பர்மாவின் பெகு தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ், ஒரு மரம் வெட்டத்தக்க பருமனை எய்த எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதைக் கணிக்க அடிக்கட்டைகளின் வளையங்களைப் பயன்படுத்தினார். ஜே. எஸ். கேம்பிள் 1881இல் வெளியிட்ட இந்திய மரவகைக் கையேட்டில், பல மரங்களுக்கு ஆரத்தின் ஓர் அங்குலத்திற்கு எத்தனை வளையங்கள் என்ற கணக்கு காணப்படுகிறது. இவர் பின்னர்ச் சென்னை மாகாணத் தாவர நூலை எழுதியவர் என்ற வகையில் தமிழ்நாட்டுத் தாவரவியலாளருக்கு நன்கு அறிமுகமானவர்.

இக்கணக்குகளில் சராசரியே முதன்மை பெற்றது. ஒரு வளையம் ஏன் அகன்றும் அடுத்தது ஏன் குறுகியும் இருக்கின்றன என்பது வனத்துறையின் கவலையாக இருக்கவில்லை. குளிர்காலம் இல்லாத நாட்டில் ஆண்டு வளையமே உருவாகாது என்ற ஐரோப்பியத் தாவரவியலின் ஐயம் மறுபுறம் நிலவியது. ஜாவாவின் வன ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய சார்லஸ் கோஸ்டர் 1927–28இல் வெளியிட்ட விரிவான உடற்கூற்று ஆய்வுகள் அவ்வையத்தைப் பெருமளவு அகற்றின. உறைபனி இல்லாவிடினும் வறண்ட பருவம் மரத்தை உறங்கச் செய்யும் என்பதை அவை நிறுவின.

3. பட்டாவியாவின் வானிலையாளர்

பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) வானிலை ஆய்வகத்தில் பணியாற்றிய எச். பி. பெர்லாகே காட்டியல் அறிஞர் அல்லர். ஜாவாவின் வறண்ட பருவத்தில் பெய்யும் மழையை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்பது அவருடைய தொழில்முறைச் சிக்கல். கருவிகள் அளந்த மழைப் பதிவு சில பத்தாண்டுகளுக்கு மேல் நீளாத நிலையில், அவர் தேக்கை நாடினார். 1931இல் ‘தெக்தோனா’ என்ற டச்சுக் காட்டியல் இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, 1514 முதல் 1929 வரையிலான ஜாவாத் தேக்கின் வளைய அகலங்களைத் தொடராக அளித்தது. இதழின் பெயரே தேக்கின் தாவரவியல் பெயர். அச்சொல், தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் ‘தேக்கு’, போர்த்துகீசிய வாய்வழி ‘தெக்கா’ ஆகிச் சென்று சேர்ந்த வடிவமாகும்.

415 ஆண்டுகளைக் கடந்து நீளும் இத்தொடர் வெப்பமண்டல மரவளையவியலின் தொடக்கப் படைப்புகளுள் ஒன்று. அரிசோனாவில் ஏ. இ. டக்ளஸ் மரவளையங்களில் சூரியப் புள்ளிச் சுழற்சியைத் தேடிவந்த காலம் அது. பெர்லாகேயும் சுழற்சிகளைத் தேடினார். ஆனால் அவருடைய நோக்கு சூரியனைக் காட்டிலும் கடலின் பக்கம் சென்றது. இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர், இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்கிற்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதை 1920களில் கண்டு அதற்குத் ‘தென் அலைவு’ எனப் பெயரிட்டிருந்தார். பெர்லாகே தம் வாழ்நாள் முழுதும் அவ்வலைவைத் தொடர்ந்தார். 1966இல் தென் அலைவும் உலக வானிலையும் குறித்த அவருடைய நூல் வெளிவந்தது. மூன்றாண்டுகளில், 1969இல், ஜேக்கப் பியர்க்னஸ் தென் அலைவையும் பெரு நாட்டுக் கடற்கரையின் எல் நினோவையும் ஒரே இயக்கத்தின் இரு முகங்களாக விளக்கினார். தேக்கு வளையத்தை அளந்த அதே கை தென் அலைவு ஆய்வையும் வளர்த்தது என்பது அறிவியல் வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி.

பெர்லாகேயின் தொடரை எச். ஜே. டி புவர் 1950களின் தொடக்கத்தில் மீண்டும் ஆராய்ந்தார். 1990களில் ரோசான் டி’ஆரிகோ, கோர்டன் ஜேகோபி முதலியோர் இந்தோனேசியாவில் புதிய மாதிரிகளை எடுத்து ஆய்வை விரித்தனர்.

4. மரம் மறுமொழி கூறும் முறை

தேக்கு இலையுதிர் மரம். வறண்ட திங்களில் இலைகளை உதிர்க்கும்போது, பட்டைக்கும் கட்டைக்கும் இடையிலுள்ள கேம்பியம் என்னும் வளர்திசு செயல் ஒடுங்கும். மழை தொடங்கித் தளிர் விடும்போது அகன்ற நீர்க்குழாய்கள் வரிசையாகத் தோன்றும். பருவம் முதிர முதிரக் குழாய்கள் சிறுத்து இழைகள் செறியும். வெட்டுமுகத்தில் ஒரு வளையமாகத் தெரிவது இந்த எல்லைக்கோடே. ஆகவே தேக்கின் வளைய அகலம் ஆண்டு மழையின் மொத்தத்தை நேரடியாக அளக்கும் கருவி அன்று. மண்ணில் ஈரம் எத்தனை நாள் நின்றது, அதாவது வளரும் பருவம் எவ்வளவு நீண்டது என்பதையே அது பெரிதும் காட்டுகிறது. ஜாவாவில் வறண்ட பருவம் முடிந்து மழை தொடங்கும் செப்டம்பர்–நவம்பர் திங்கள்களின் நிலை சிறப்பிடம் பெறுவது இதனாலேயே. எல் நினோ ஆண்டுகளில் அங்கு மழை பிந்துகிறது, வளையம் குறுகுகிறது.

இடைப்பருவத்தில் மழை பொய்த்து மீண்டும் பெய்தால் ஓர் ஆண்டில் இரண்டு கோடுகள் தோன்றும். கடும் வறட்சியில் அடிமரத்தின் ஒரு பக்கத்தில் வளையமே உருவாகாமல் போவதும் உண்டு. எனவே ஒரு மரத்தின் வளையங்களை எண்ணி ஆண்டைக் குறிப்பது போதாது. பல மரங்களின் குறுகிய, அகன்ற வளைய வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்த பின்னரே ஓர் ஆண்டு உறுதிப்படும். பாட வேறுபாடுகளை ஒப்பிட்டு மூல பாடத்தை நிறுவும் பதிப்பாசிரியரின் பணிக்கு இது மிக நெருக்கமானது. ஒற்றை ஏட்டை நம்பிப் பதிப்பித்தால் நேரும் பிழைகள் இங்கும் நேரும்.

எல்லா மரங்களும் வறட்சியைத் தளர்ச்சியாக மட்டும் வெளிப்படுத்துவதில்லை. போர்னியோ, மலாய்த் தீபகற்பக் காடுகளின் டிப்டெரோகார்ப் குடும்ப மரங்கள் பல ஆண்டுகள் பூக்காமல் இருந்து, ஒரே காலத்தில் திரளாகப் பூத்துக் காய்க்கின்றன. இத்திரள் பூப்பு பெரும்பாலும் எல் நினோவை ஒட்டி நிகழ்கிறது. சில இரவுகளின் குறைந்தபட்ச வெப்பம் ஏறத்தாழ 2 பாகை தாழ்வதே பூப்பைத் தூண்டுகிறது என்ற கருதுகோளைப் பீட்டர் ஆஷ்டனும் உடனாய்வாளரும் 1988இல் முன்வைத்தனர். வறட்சியே தூண்டுகோல் என்பாரும் உளர். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில், மேகம் குறைந்து வெயில் மிகுந்த எல் நினோ ஆண்டுகளில் கனி விளைச்சல் பெருகுவதும், அதை அடுத்த ஆண்டுகளில் விலங்குகள் உணவின்றி வாடுவதும் பதிவாகியுள்ளன. ஜாவாத் தேக்கிற்கு இழப்பாக வரும் சுழற்சி போர்னியோக் காட்டிற்கு விதைப் பருவமாகிறது. ஒரு மரத்தின் மறுமொழியை மற்றொரு நிலத்திற்கு அப்படியே எடுத்துச்செல்ல இயலாது என்பதற்கு இவ்வேறுபாடே போதுமானது. வரலாற்றுத் துறையில் இவ்வரம்பு பலபோது மறக்கப்படுகிறது.

5. மேற்குச் சரிவின் சாட்சி

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்த எச். பி. போர்காங்கர் குழுவினர், கேரளத்தின் மூன்று இடங்களில் எடுத்த தேக்கு மாதிரிகளிலிருந்து 1481 முதல் 2003 வரையிலான 523 ஆண்டுத் தொடரை 2010இல் வெளியிட்டனர். இந்தியப் பருவமழை குன்றிய எல் நினோ ஆண்டுகளில் குறுகிய வளையங்கள் மிகுதியாக வருவதை அவர்கள் நிறுவினர். எட்வர்டு குக் தலைமையிலான குழு அதே ஆண்டில் வெளியிட்ட ‘பருவமழை ஆசிய வறட்சி வரைபடத் தொகுப்பு’, முந்நூற்றுக்கும் மேற்பட்ட மரவளையத் தொடர்களைக் கொண்டு 1300 முதல் 2005 வரையிலான வறட்சிகளை வரைந்தது. 1756–68, 1790–96, 1876–78 ஆகிய வறட்சிகள் அதில் தனித்துச் சுட்டப்பட்டன. வியத்நாம் மலைக்காட்டு மரங்களைக் கொண்டு அங்கோர் நகரின் சரிவை பிரெண்டன் பக்லி குழுவினர் ஆராய்ந்ததும் 2010இல்தான். பதினான்காம் நூற்றாண்டின் நீண்ட வறட்சியும் இடையிடையே பெய்த பெருமழையும் அந்நகரின் நீர்க்கட்டமைப்பைக் குலைத்தன என்பது அவர்தம் முடிவு. அரசியலும் வணிகமும் அச்சரிவில் பங்கு கொண்டன என்பதை அவர்கள் மறுக்கவில்லை.

இவ்வாய்வுகளின் தரம் ஐயத்திற்கு உரியதன்று. ஐயத்திற்கு உரியது, இவற்றைத் தாது வருஷப் பஞ்சத்தின் மீது வைத்துப் படிக்கும் முறை. ஆசிய வரைபடத்திற்கு ஆதாரமான தொடர்கள் இமயம், திபெத்து, மங்கோலியா முதலிய பகுதிகளில் செறிந்தும் தீபகற்ப இந்தியாவில் அருகியும் உள்ளன. கேரளத் தேக்கோ தென்மேற்குப் பருவமழையில் வளர்வது. பஞ்சம் கொடுமையாகத் தாக்கிய சேலம், வட ஆர்க்காடு, செங்கல்பட்டு, மதுரை ஆகிய மாவட்டங்கள் மலைக்குக் கிழக்கே உள்ளவை. அவற்றின் ஏரிகளையும் கிணறுகளையும் நிரப்புவதில் அக்டோபர்–டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக்குப் பெரும் பங்கு உண்டு. அதே மாகாணத்தைச் சேர்ந்த மலபாரில் பஞ்சம் அத்தகைய உருவம் கொள்ளவில்லை.

இரு பருவங்களும் எல் நினோவிற்கு ஒரே வகையில் மறுமொழி கூறுவதுமில்லை. எல் நினோ ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குன்றும். தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ அத்தகைய ஆண்டுகளில் இயல்பைவிட மிகுதியாகப் பெய்யும் போக்கு உடையது. 1876–78 நிகழ்வுகளின் வரிசையை இதனோடு வைத்துக் காண வேண்டும். 1876இல் தென்மேற்குப் பருவம் தக்காணத்தில் குன்றியது. ஆண்டிறுதியில் சென்னைப் பகுதியில் வடகிழக்குப் பருவமும் பொய்த்தது. ஆனால் பசிபிக் கடல் 1876 வரை குளிர்ந்த நிலையில் இருந்து, அதன் பின்னரே பெரும் எல் நினோவாக வெம்மையுற்றது என்பதை தீப்தி சிங் உள்ளிட்டோரின் 2018ஆம் ஆண்டு ஆய்வு காட்டுகிறது. 1877இன் தென்மேற்குப் பருவம் இந்தியா முழுவதும் தவறியது எல் நினோவின் கைவண்ணம் எனலாம். தமிழ் மாவட்டங்களைப் பஞ்சத்திற்குள் தள்ளிய 1876 இறுதியின் மழைத் தவறுதலை அதே கணக்கில் எழுதுவது பொருந்தாது. 1877இன் பிற்பகுதியில், எல் நினோ வலுப்பெற்றிருந்தபோதே, இங்கு மழை திரும்பியது. மழை திரும்பிய பின்னும் காய்ச்சலிலும் நலிவிலும் சாவுகள் தொடர்ந்தன.

ஆகவே பரம்பிக்குளத்துத் தேக்கில் ஒரு குறுகிய வளையம் காணப்படின், அது ஆனைமலையின் மேற்கே ஈரம் குன்றிய ஒரு பருவத்தைச் சொல்லும். சேலத்தின் ஏரி 1876 கார்த்திகையில் ஏன் வறண்டது என்பதை அது சொல்லாது. சேலத்துத் தொழிலாளியின் கூலி ஏன் ஓர் இராத்தலாயிற்று என்பதை எந்த மரமும் சொல்லப்போவதில்லை. பருவமழைத் தவறுதலும் ஏகாதிபத்தியப் பொருளியலும் பின்னிய கதையாக இப்பஞ்சங்களை 2001இல் எழுதிய மைக் டேவிஸ்கூட எல் நினோவை ஒரே விசையாகத் தென்னிந்தியா முழுமைக்கும் பொருத்தினார். அவர் நோக்கம் ஆட்சியாளரை விடுவிப்பதன்று. எனினும் பருவமழை இரண்டு என்ற வேறுபாட்டைக் கடந்து செல்லும் எழுத்து, தன்னை அறியாமலே ஹண்டரின் சுழற்சிக்கு அருகில் சென்றுவிடுகிறது.

6. எஞ்சிய மரங்கள்

மாதிரி எடுக்கப்படும் பழைய மரம் எது என்பதும் வரலாறு தீர்மானித்த ஒன்றே. ஆற்றுக்கு அருகில் நேராக ஓங்கிய தேக்குகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பலாகவும் பின்னர் இரயில் பாதைக் கட்டையாகவும் போயின. பரம்பிக்குளத்து மரங்களைச் சாலக்குடிக்கு இறக்கிய கொச்சி அரசின் வனத் டிராம் பாதை 1907 முதல் இயங்கியது. கோடரிக்குத் தப்பியவை எட்டா இடத்தில் நின்றவையாகவோ, கோணலாலோ பொந்தாலோ விலை போகாதவையாகவோ, கன்னிமாரா தேக்கைப் போல வழிபாட்டின் காவல் பெற்றவையாகவோ இருந்தன. மெலிந்த மண்ணில் நின்ற மரத்தின் வறட்சி உணர்வு ஆற்றங்கரை மரத்தினுடையதை ஒக்காது. பழங்காலத்தை நோக்கிச் செல்லுந்தோறும் தொடரைத் தாங்கும் மரங்களின் எண்ணிக்கையும் குறைகிறது.

கட்டடங்களில் உள்ள தேக்கைக் கொண்டு இக்குறையை ஈடுசெய்யலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. செட்டிநாட்டு வீடுகளின் தூண்களிலும் உத்திரங்களிலும் தேக்கு ஏராளம். ஆனால் அதில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. அதன் வளையங்கள் பேசுவது ஐராவதிப் படுகையின் மழையை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. எனவே அடியில் பட்டையோடு சேர்த்து வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் உலரவிட்ட பின்னரே மரத்தை வீழ்த்தி ஆற்றில் விடுவது பர்மிய வழக்கம். அத்தகைய உத்திரத்தின் கடைசி வளையம் வீடு கட்டிய ஆண்டையோ மரம் வீழ்ந்த ஆண்டையோ குறிப்பதில்லை. மரத்தின் அடியில் வளையம் வெட்டப்பட்ட ஆண்டையே குறிக்கும்.

கிழக்கு மாவட்டங்களின் 1876ஐ எழுதப் புகும் ஆய்வாளருக்கு அருகிலுள்ள சான்று காட்டில் இல்லை. ஜமாபந்தி அறிக்கைகளில் எந்தெந்த வட்டத்தில் எந்தெந்த ஏரிப் பாசனத்திற்கு எவ்வளவு தீர்வை வஜா செய்யப்பட்டது என்ற விவரம் உண்டு. மாவட்ட மழைப் பதிவுகள் திங்கள்வாரியாக உள்ளன. கார்னிஷின் சுகாதார அறிக்கைகளில் சாவுக் கணக்கு உள்ளது. இம்மூன்றையும் ஒரே வட்டத்திற்கு, திங்கள் திங்களாக அடுக்கினால், மழை நின்ற நாளுக்கும் சாவு பெருகிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் வெளிப்படும். கூலி குறைக்கப்பட்டதும் தானியம் துறைமுகம் ஏறியதும் அவ்விடைவெளிக்குள் நிகழ்ந்தவை.